கன்சல்டிங் வேலைக்கு ரெடியாகுறது எப்படி: சென்னைல இருந்து முதல் தடவை அப்ளை பண்றவங்களுக்கு

முதல்ல பேர்க் குழப்பத்தை தீர்த்துடலாம். நம்ம ஊர்ல "கன்சல்டன்சி"ன்னா எல்லாருக்கும் ஞாபகம் வர்றது, மாடிப்படிக்குக் கீழ ஒரு ரூம்ல ரெண்டு கம்ப்யூட்டர் வச்சுக்கிட்டு வேலை வாங்கித் தர்றேன்னு ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் வாங்குற இடம்தான். எனக்கு வேலை கிடைச்சதும் எங்கம்மா பக்கத்து வீட்ல சந்தோஷமா சொன்னாங்க, மறுநாள் அந்த ஆன்ட்டி அவங்க பையனோட ரெஸ்யூமை கவர்ல போட்டு எடுத்துக்கிட்டு வந்துட்டாங்க, "தம்பி நீயே ஒரு நல்ல எடத்துல சேத்து விட்ருப்பா"ன்னு. நான் சொல்லப்போறது அந்த கன்சல்டன்சி இல்ல. ஒரு கம்பெனிக்கு லாபம் குறையுது, புது ஊர்ல கடை போடணும், ஃபேக்டரில செலவு கட்டுக்குள்ள வரல, இந்த மாதிரி பிரச்சனைக்கு வெளிய இருந்து போய் ஆராய்ஞ்சு வழி சொல்ற வேலை. இதுக்கு ஆள் எடுக்குற எந்த உண்மையான கம்பெனியும் உங்ககிட்ட ஒரு ரூபா கேக்காது. யாராவது கேட்டா அப்படியே போனை வச்சிடுங்க.

நான் ரெண்டு தடவை ரிஜெக்ட் ஆகி மூணாவது தடவை உள்ள போனவன். அதனால இதுல பாதி, நான் என்ன தப்பு பண்ணேன்ங்குற கதைதான். அந்த தப்பு ஒண்ணே ஒண்ணுதான், ஆனா அதுவே எல்லா ரவுண்ட்லயும் வேற வேற வேஷத்துல வந்துச்சு. பன்னெண்டாவதுல இருந்து நமக்கு சொல்லிக்குடுத்தது என்ன, வாய மூடிக்கிட்டு கணக்கு போடு, விடையைக் கட்டம் கட்டு, அடுத்த கேள்விக்குப் போ. இந்த இன்டர்வியூல அது அப்படியே தலைகீழ். விடைக்கு மார்க் கம்மி, நீங்க யோசிக்கிறது அவங்க காதுல விழணும், அதுக்குதான் மார்க்.

எந்தக் கடைக்குப் போறீங்கன்னு முதல்ல முடிவு பண்ணுங்க

கன்சல்டிங்னு ஒரே பேர்ல நாலு வேற வேற வேலை ஓடுது. ஒண்ணு ஸ்ட்ராட்டஜி, அதாவது கம்பெனி எந்தப் பக்கம் போகணும்னு மேலிடத்துக்கு வழி சொல்றது. இதுல மெக்கின்சி, பிசிஜி (பாஸ்டன் கன்சல்டிங் குரூப்), பெய்ன் இந்த மூணையும் சேத்து எம்பிபின்னு சொல்லுவாங்க. இதுல மெக்கின்சிக்கும் பிசிஜிக்கும் சென்னைல ஆபீஸ் இருக்கு, ஆனா சென்னைல வேலை கிடைச்சா வீட்டு சாப்பாடுன்னு கனவு காணாதீங்க, கிளையன்ட் எங்க இருக்கானோ அங்கதான் இருப்பீங்க, வாரத்துல நாலு நாள் ஜாம்ஷெட்பூர்ல இருந்தாலும் இருக்கலாம். ரெண்டாவது பிக் ஃபோர், டெலாய்ட், பிடபிள்யூசி, இஒய், கேபிஎம்ஜி. இங்க ஆடிட் வேற, அட்வைசரி வேற, டேக்ஸ் வேற, ஜாப் டிஸ்கிரிப்ஷனை முழுசா படிக்காம "டெலாய்ட்ல கன்சல்டிங்"னு அப்ளை பண்ணிட்டு உள்ள போனா சாஃப்ட்வேர் டெஸ்டிங்கா இருக்கலாம். மூணாவது அனலிட்டிக்ஸ் பக்கம், நம்ம சென்னையிலயே 2006ல ஆரம்பிச்சு 2021ல ஷேர் மார்க்கெட்டுக்கு வந்த லேட்டன்ட்வியூ மாதிரி. இங்க கேஸ் கேள்வியோட, அதாவது ஒரு கம்பெனியோட பிரச்சனையைக் குடுத்து வழி சொல்லச் சொல்ற கேள்வியோட, எஸ்கியூஎல் (டேட்டாபேஸ்ல இருந்து தகவல் எடுக்குற மொழி), எக்ஸெல்லும் கேப்பாங்க. நாலாவது ஐடி கன்சல்டிங், எஸ்ஏபி மாதிரி கம்பெனி சாஃப்ட்வேர், கிளவுட், அந்த உலகம் தனி. அங்க "கன்சல்டன்ட்"ங்குறது பல நேரம் டெசிக்னேஷன் மட்டும்தான்.

என்னைக் கேட்டா முதல் தடவை அப்ளை பண்றவங்க எம்பிபி மட்டும் பாத்துட்டு உக்காராதீங்க. பிக் ஃபோர் அட்வைசரிலயோ அனலிட்டிக்ஸ்லயோ ரெண்டு வருஷம் இருந்துட்டு அப்புறம் தாவினவங்க நிறைய பேரை எனக்குத் தெரியும்.

எப்ப ஆரம்பிக்கிறது

ஐஐடி மெட்ராஸ் மாதிரி கேம்பஸ்ல பிளேஸ்மென்ட் டிசம்பர் தொடக்கத்துல ஆரம்பிக்கும், ஆனா ரெஸ்யூம் ஷார்ட்லிஸ்ட் அதுக்கு ரொம்ப முன்னாடியே முடிஞ்சிடும், அதனால டிசம்பர்னு நினைச்சுக்கிட்டு தீபாவளிக்கு அப்புறம் ஆரம்பிக்கிறவன் கதை அங்கயே முடிஞ்சுது. மத்த பல காலேஜ்ல எம்பிபி கம்பெனிங்க கேம்பஸுக்கே வராது, நீங்க ஆஃப் கேம்பஸ்ல அவங்க கேரியர்ஸ் பேஜ்லயே போடணும். அதுக்கு தேதின்னு ஒண்ணும் கிடையாது, எப்ப ஓப்பனிங் வருதோ அப்ப. எதுவா இருந்தாலும் பத்துல இருந்து பன்னெண்டு வாரம் கையில வச்சுக்குங்க. தினமும் ஒன்றரை மணி நேரம் போதும், ஒரே நாள்ல எட்டு மணி நேரம் உக்காந்து கேஸ் படிச்சா மறுநாள் ஒண்ணும் நிக்காது. அரியர் இருந்தா அதை முதல்ல முடிங்க. ஸ்டாண்டிங் அரியரோட அப்ளை பண்ணா நிறைய எடத்துல ஃபார்ம்லயே தடுத்துடுவாங்க, உங்க திறமையை யாரும் பாக்கவே போறதில்ல.

ரெஸ்யூம்: ஒரே பக்கம்

ரெண்டு பக்கம் போகாதீங்க. ஃபோட்டோ வேணாம், அப்பா பேர் வேணாம், "மேற்கண்ட தகவல் அனைத்தும் உண்மை"ன்னு கீழ கையெழுத்து வேணாம், ஹாபின்னு "லிசனிங் டு மியூசிக்" சத்தியமா வேணாம். பத்தாவது, பன்னெண்டாவது மார்க் போடுங்க, இங்க கேப்பாங்க.

முக்கியமான விஷயம் ஒவ்வொரு வரியும் எப்படி எழுதுறீங்கங்குறது. நான் பாத்த ஒரு ஜூனியர் தங்கச்சியோட ரெஸ்யூம்ல இப்படி இருந்துச்சு: "டிபார்ட்மென்ட் சிம்போசியத்துல ஸ்பான்சர்ஷிப் டீம் மெம்பரா இருந்தேன்." இதைப் படிக்கிறவனுக்கு என்ன தெரியும்? ஒண்ணும் தெரியாது, டீம்ல பேர் குடுத்துட்டு கேன்டீன்ல உக்காந்திருந்தவனும் இதே வரிதான் போடுவான். நான் கேட்டேன், எத்தன கடைம்மா ஏறி இறங்குன? நாப்பதுக்கு மேலண்ணா. எத்தன பேர் குடுத்தாங்க? பதினொண்ணு. மொத்தம் எவ்வளவு? ஒண்ணே முக்கா லட்சம். போன வருஷம்? எண்பதாயிரம் இருக்கும். எப்படிம்மா ரெண்டு மடங்காச்சு? அப்பதான் அது வாயில இருந்து விஷயம் வந்துச்சு: "போன வருஷம் எல்லாரும் பெரிய பெரிய ஷோரூமா பாத்து போனாங்கண்ணா, நான் காலேஜ் சுத்தி இருக்குற ஜெராக்ஸ் கடை, பிரியாணி கடை, பிஜி ஹாஸ்டல்காரங்ககிட்ட போனேன், எங்க பசங்கதான அவங்க கஸ்டமரு." அடேங்கப்பா, இதுதான்மா கன்சல்டிங், இதைப் போய் டீம் மெம்பர்னு ரெண்டு வார்த்தைல புதைச்சு வச்சிருக்க! வரியை மாத்தினோம்: பெரிய ஷோரூமுக்குப் பதிலா காலேஜைச் சுத்தி உள்ள கடைகளை குறி வச்சு, 40 கடையில 11 ஸ்பான்சர் புடிச்சு, வசூலை 80,000ல இருந்து 1.75 லட்சமா ஆக்கினேன். என்ன பண்ணேன், எப்படி பண்ணேன், எவ்வளவு மாறுச்சு, மூணும் ஒரே வரியில இருக்கு.

நம்பர் இல்லாத வரி எல்லாத்தையும் இப்படியே நோண்டுங்க. ஆனா நம்பரை இட்டுக்கட்டாதீங்க, இன்டர்வியூல அந்த ஒரு நம்பரைப் புடிச்சுக்கிட்டு இருபது நிமிஷம் கேப்பாங்க.

ரெஃபரல், அதாவது உள்ள வேலை பாக்குறவங்க சிபாரிசு, அது பத்தி சுருக்கமா. லிங்க்ட்இன்ல உங்க காலேஜ் சீனியர் யாராவது அந்த கம்பெனில இருந்தா நாலே வரில எழுதுங்க: நான் யாரு, எந்த போஸ்டிங், ஏன் எனக்கு செட் ஆகும், பதினஞ்சு நிமிஷம் பேச முடியுமா. "சார் ப்ளீஸ் ரெஃபர் மீ"ன்னு ஒத்தை வரி அனுப்பாதீங்க. பதில் வரலன்னா ஒரு வாரம் கழிச்சு ஒரே ஒரு தடவை ஞாபகப்படுத்துங்க, அதுக்கு மேல விட்ருங்க.

ஆன்லைன் டெஸ்ட்

மெக்கின்சில சால்வ்னு ஒரு கேம் மாதிரி வரும், பிசினஸ் அறிவு எதுவும் தேவையில்ல, டேட்டாவைப் பொறுமையா படிச்சா போதும். பிசிஜில கேசின்னு ஒரு சாட்பாட் உங்களை வச்சு ஒரு முழு கேஸையும் ஓட்டும், டைம் ஓடிக்கிட்டே இருக்கும். மத்த எடத்துல வழக்கமான ஆப்டிட்யூட். இதுக்குன்னு காசு கட்டி கோர்ஸ் சேர்றது தேவையில்லங்குறது என் கருத்து. ஒரே ஒரு விஷயம், வீட்ல கரன்ட் போனா என்ன பண்றதுன்னு முன்னாடியே பாத்து வைங்க, போன்ல ஹாட்ஸ்பாட், லேப்டாப்ல ஃபுல் சார்ஜ்.

கெஸ்டிமேட்: மாவு பாக்கெட் கணக்கு

"சென்னைல ஒரு நாளைக்கு எத்தன இட்லி மாவு பாக்கெட் விக்கும்?" இப்படி உத்தேசமா ஒரு நம்பரைக் கணக்கு போட்டு சொல்லச் சொல்றதுதான் கெஸ்டிமேட். இப்படி ஒரு கேள்வி வந்தா முதல்ல கூகுள்ல தேடக்கூடிய நம்பரை ஞாபகப்படுத்தப் பாக்காதீங்க, அது யாருக்கும் தெரியாது, கேக்குறவருக்கும் தெரியாது. முதல் வேலை கேள்வியைச் சுருக்குறது. ஒரு கிலோ பாக்கெட்டா? வீட்டுக்கு வாங்குறது மட்டுமா, ஹோட்டலும் சேத்தா? பாத்திரம் எடுத்துட்டுப் போய் வாங்குற லூஸ் மாவும் கணக்கா? அவர் "வீடு மட்டும், கிலோ பாக்கெட் மட்டும்"னு சொன்னா பாதி தலைவலி போச்சு.

அடுத்தது, "ஒரு நிமிஷம் எடுத்துக்கட்டுமா"ன்னு கேட்டு பேப்பர்ல பிரிச்சுக்குங்க. சென்னைன்னா எந்த சென்னை, அதையும் வாய் விட்டு சொல்லணும். 2011 சென்சஸ்ல சென்னை மாவட்டம் மட்டும் 46 லட்சம் சொச்சம், சுத்துப்பட்டு எல்லாம் சேத்தா 86 லட்சம் சொச்சம். "மாநகராட்சி எல்லை இப்ப பெருசாயிடுச்சு, கணக்குக்கு சுலபமா 80 லட்சம்னு வச்சுக்கறேன், ஓகேவா?" இந்த "ஓகேவா" ரொம்ப முக்கியம், தப்பான பக்கம் போனா அவரே இழுத்து விட்ருவாரு. வீட்டுக்கு 4 பேர், அப்ப 20 லட்சம் வீடு.

இங்கதான் பசங்க தப்பு பண்றது. எல்லா வீட்டையும் ஒண்ணா எடுத்து "வாரத்துக்கு ஒரு பாக்கெட்"னு பெருக்கிடுவாங்க. நம்ம வீட்டையே பாருங்களேன், கிரைண்டர் இருக்குற வீடும் வேலைக்குப் போற புருஷன் பொண்டாட்டி வீடும் ஒண்ணா? மூணா பிரிக்கலாம். வீட்ல அரைக்க நேரமில்லாதவங்க 30%, அதாவது 6 லட்சம் வீடு, வாரத்துக்கு 2 பாக்கெட், 12 லட்சம். வழக்கமா அரைக்கிறவங்க, ஆனா ஊருக்குப் போயிட்டு வந்தா, விருந்தாளி வந்தா வாங்குறவங்க 40%, 8 லட்சம் வீடு, ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு, வாரத்துக்கு 4 லட்சம். மிச்சம் 30% வாங்கவே மாட்டாங்க. மொத்தம் வாரத்துக்கு 16 லட்சம், ஏழால வகுத்தா நாளைக்கு சுமார் 2.3 லட்சம் பாக்கெட்.

இதோட நிறுத்திட்டா சராசரி. இன்னொரு பக்கத்துல இருந்து சரி பாருங்க. மாவு பாக்கெட் வைக்கிற கடை, மளிகை, பால் பூத், சூப்பர் மார்க்கெட் எல்லாம் சேத்து 20,000ன்னு வச்சா கடைக்கு ஒரு நாளைக்கு 11, 12 பாக்கெட். நம்ம தெருமுனைக் கடைல காலைல ஃப்ரிட்ஜ்ல எத்தன அடுக்கி வைக்கிறாருன்னு பாத்திருக்கீங்களா, ஏறக்குறைய அந்த அளவுதான், அப்ப நம்பர் கேவலமா இல்ல. இதை அவர்கிட்ட சொல்லும்போது மூஞ்சில ஒரு சிரிப்பு வரும். அதுக்கப்புறம் "பேச்சிலர் ரூமை விட்டுட்டேன், சனி ஞாயிறு இன்னும் அதிகமா விக்கும்"னு நீங்களே ஓட்டையை சொல்லிடுங்க.

இந்த மாதிரி தினமும் ஒண்ணு போடுங்க, பஸ்ஸுல போகும்போதே போடலாம். திநகர் ரங்கநாதன் தெருல ஞாயித்துக்கிழமை எத்தன பேர் நடப்பாங்க, கிண்டி ஸ்டேஷன்ல காலைல எட்டுல இருந்து ஒம்பது வரைக்கும் எத்தன டீ விக்கும். ஒரே எச்சரிக்கை, லட்சம் கோடில யோசிச்சு மில்லியன் பில்லியன்ல பேசும்போது சைபர் நழுவும். 10 லட்சம்னா ஒரு மில்லியன், 100 கோடின்னா ஒரு பில்லியன், இதைத் தூக்கத்துல கேட்டாலும் சொல்லணும். என்னோட முதல் ரிஜெக்ஷன்ல ஒரு சைபர் விட்டுட்டேன், அது கூட பரவாயில்ல, நாலு நிமிஷம் ஒரு வார்த்தை பேசாம எழுதிட்டு தலையைத் தூக்கி விடையை மட்டும் சொன்னேன். அவர் கேட்டாரு, "இங்க எப்படி வந்து சேந்தீங்க?" நான் பேப்பரைத் திருப்பிக் காட்டுனேன். அவ்வளவுதான், நன்றி, போயிட்டு வாங்க.

கேஸ்: மெஸ்ஸுக்கு என்ன ஆச்சு

கேஸ்ல லாபம் குறைஞ்ச கதை, புது மார்க்கெட்டுக்குள்ள நுழையுற கதை, விலை வைக்கிற கதை, ஒரு கம்பெனி இன்னொண்ணை வாங்குற கதை, இதுங்கதான் திரும்பத் திரும்ப வரும். முதல்ல லாபக் கேஸை நல்லா புடிச்சுக்குங்க, மத்ததெல்லாம் அதோட சொந்தக்காரங்கதான்.

ஒண்ணு போட்டுக் காட்டுறேன். திருவல்லிக்கேணில மேன்ஷன் பசங்களை நம்பி ஓடுற ஒரு மெஸ். வியாபாரம் அதே அளவு, ஆனா லாபம் படுத்துருச்சு, ஏன்?

ஃபிரேம்வொர்க்னு ஒரு ரெடிமேட் அச்சை மனப்பாடம் பண்ணிட்டு வந்து இங்க ஒப்பிக்காதீங்க. லாபம்னா வரவு கழித்தல் செலவு, வரவு அதேதான்னு அவரே சொல்லிட்டாரு, அப்ப செலவு ஏறியிருக்கு. செலவை மாறுற செலவு, மாறாத செலவுன்னு பிரிங்க. மீசின்னு சொல்றது இதுதான், ஒண்ணு மேல ஒண்ணு ஏறக்கூடாது, எதுவும் விட்டும் போகக்கூடாது, பெட்டி பெட்டியா அடுக்கணும். "வாடகை, சம்பளம் மாறியிருக்கா?" இல்ல. "அரிசி, காய்கறி?" பெருசா இல்ல. இங்க நிறைய பேர் முழிச்சு நிப்பாங்க. ஆனா ஒரு கேள்வி பாக்கி இருக்கு: "வரவு மொத்தமா அதேதான், ஆனா எங்க இருந்து வருதுங்குறது மாறியிருக்கா?" அப்ப அவர் சொல்லுவாரு, ஆமா, ஆறு மாசமா டெலிவரி ஆப்ல போட்டிருக்காங்க.

இப்ப நம்பர் கேளுங்க. நாளைக்கு 1000 சாப்பாடு, ஒண்ணு 100 ரூபா, வரவு ஒரு லட்சம். ஒரு சாப்பாட்டுக்கு சாமான் செலவு 60, மாறாத செலவு நாளைக்கு 25,000. முன்னாடி 1,00,000ல 60,000 போச்சு, 25,000 போச்சு, கையில 15,000. இப்ப அதே ஆயிரத்துல 400 ஆப் வழியா போகுது, ஒவ்வொண்ணுக்கும் கமிஷன் 25, டப்பா 5, ஆக 30 ரூபா, நானூறால பெருக்கினா 12,000. லாபம் 15,000ல இருந்து 3,000. பாத்தீங்களா, கல்லால பணம் அதே மாதிரி புரளுது, ஓனருக்கு ஏன்னே புரியல.

இங்க கணக்கு முடிஞ்சுடுச்சுன்னு "ஆப்பை நிறுத்திடுங்க"ன்னு சொன்னா அவசரக்குடுக்கை. ஆப்ல ஒரு சாப்பாட்டுக்கு இன்னும் 10 ரூபா நிக்குது, நேர்ல வந்தா 40 நிக்குது. அந்த 400 பேரு, முன்னாடி நேர்ல வந்து பெஞ்சுல உக்காந்து சாப்பிட்டவங்களே இப்ப மேன்ஷன் ரூம்ல படுத்துக்கிட்டு ஆர்டர் போடுறாங்களா, இல்ல பழைய ஆளுங்க வேற எதுக்கோ வராம போய் அந்த எடத்துல புது ஆளுங்க வந்திருக்காங்களா? முதல் விஷயமா இருந்தா ஆப்ல விலையை ஏத்தணும், நேர்ல வர்றவனுக்கு மாச டோக்கன் குடுத்து இழுக்கணும். ரெண்டாவதா இருந்தா ஆப் தான் கடையைக் காப்பாத்திக்கிட்டு இருக்கு, அதை நிறுத்தினா மூணாயிரமும் போய் ஆயிரம் ரூபா கைய விட்டுப் போகும், பழைய ஆளுங்க ஏன் வரலன்னு தேடணும். இந்த ரெண்டையும் பிரிச்சுக் கேட்டவனுக்கும் கேக்காதவனுக்கும் நடுவுலதான் செலக்ஷன் இருக்கு.

கடைசில "முதலாளி லிஃப்ட்ல வர்றாரு, முப்பது செகண்ட்ல சொல்லு"ம்பாங்க. முடிவை முதல்ல சொல்லுங்க, காரணம் ரெண்டு, அடுத்து என்ன பாக்கணும், அவ்வளவுதான். கதையை ஆதியில இருந்து ஆரம்பிக்கிற நம்ம பழக்கம் இங்க ஆகாது. மெக்கின்சில கேள்வியை அவங்களே ஒண்ணொண்ணா குடுத்து ஓட்டுவாங்க, பிசிஜி, பெய்ன்ல பெரும்பாலும் வண்டியை நீங்கதான் ஓட்டணும், அதுக்கு ஏத்த மாதிரி பிராக்டிஸ் பண்ணுங்க.

பிராக்டிஸ் யாரோட, எங்க

தனியா கேஸ்புக், அதாவது கேஸ் கேள்வி பதில் தொகுப்பு, படிக்கிறது நீச்சலை படிச்சுக் கத்துக்குற மாதிரி. ஐஐஎம், ஐஐடி கன்சல்டிங் கிளப்புங்க போடுற கேஸ்புக் பிடிஎஃப் தேடினா கிடைக்கும், அதை வச்சுக்கிட்டு ரெண்டு மூணு பேர் சேருங்க, ஒருத்தர் கேக்கணும் ஒருத்தர் சொல்லணும். கேக்குற பக்கம் உக்காந்தாதான் மத்தவன் எங்க சொதப்புறான்னு தெரியும், அது நீங்க சொதப்புற எடமாவும் இருக்கும். நாங்க கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துல சந்திப்போம், ஆனா உள்ள பேச முடியாதுல்ல, அதனால வெளிய படிக்கட்டுல உக்காந்து மெல்லிசா சண்டை போடுவோம். முப்பது கேஸ் நேர்ல பண்ணா போதும்னு நினைக்கிறேன், நூறு பண்ணேன்னு பீத்திக்கிறவங்களைப் பாத்து பயப்படாதீங்க. ஒவ்வொண்ணும் முடிஞ்சதும் எங்க தப்பு பண்ணோம்னு ஒரு நோட்டுல எழுதாம போனா நூறும் வேஸ்ட்.

இங்லீஷ் பத்தி. தமிழ் மீடியம்ல படிச்சவங்க என்கிட்ட முதல்ல கேக்குறது இதுதான். ஆக்சென்ட்டை யாரும் பாக்கல, நிஜமா சொல்றேன். பிரச்சனை எங்க வருதுன்னா ஒரே நேரத்துல யோசிக்கவும் வேணும், மொழிபெயர்க்கவும் வேணும், ரெண்டும் சேந்து மாட்டிக்கும். என் கூட பிராக்டிஸ் பண்ண அக்கா ஒரு வழி சொன்னாங்க: முதல் பத்து கேஸைத் தமிழ்லயே பண்ணுங்க, வாய் விட்டு யோசிக்கிறது பழகட்டும், அப்புறம் அதே கேஸைத் திரும்ப இங்லீஷ்ல பண்ணுங்க. யோசனை ஏற்கனவே ரெடியா இருக்குறதால வார்த்தையை மட்டும் தேடினா போதும். எனக்கு இது நல்லாவே வேலை செஞ்சுது. அவங்களே இன்னொண்ணும் சொன்னாங்க: "டேய், அமைதியா யோசிக்கணும்னா அமைதியா இருக்கப்போறேன்னு சொல்லிட்டு இரு. சொல்லாம இருந்தா மாட்டிக்கிட்டன்னுதான் நினைப்பாங்க."

உங்களைப் பத்தின கேள்வி

கேஸுக்கு மூணு மாசம் தயாராகி இதுக்கு மூணு மணி நேரம் கூட குடுக்காம போறவங்கதான் அதிகம். தலைமை எடுத்தது, சண்டையை தீத்தது, தோத்தது, இந்த மூணுக்கும் ஒவ்வொரு சொந்தக் கதை வேணும். இங்க நம்ம வளர்ப்பு ஒரு விதத்துல குறுக்க நிக்குது. "நான் பண்ணேன்"னு சொன்னா திமிருன்னு நமக்கு சொல்லி வளத்துட்டாங்க, அதனால எல்லாத்தையும் "நாங்க பண்ணோம்"னு சொல்லுவோம். கேக்குறவரு நாங்கங்குறதுல நீங்க எங்கன்னு தேடிக்கிட்டே இருப்பாரு.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப பள்ளிக்கரணை பக்கம் உதவி பண்ண ஒரு தம்பி, "நாங்க எல்லாம் சேந்து பால் பாக்கெட் குடுத்தோம்ணா"ன்னு ஆரம்பிச்சான். நீ என்னடா பண்ண? நோண்டினதுக்கு அப்புறம் சொல்றான், முதல் நாள் பால் எல்லாம் கீழ் வீட்லயே தீந்துடுச்சாம், மாடில கைக்குழந்தை வச்சிருந்தவங்களுக்கு கிடைக்கலயாம், இவன் அன்னைக்கு நைட்டே ஒவ்வொரு பிளாக்லயும் ஒருத்தருக்கு போன் பண்ணி குழந்தை இருக்குற வீட்டு நம்பரை மட்டும் எழுதி, மறுநாள் போட்ல போறவங்ககிட்ட அந்த லிஸ்ட்டைக் குடுத்து மேல் மாடில இருந்து ஆரம்பிங்கன்னு சொல்லியிருக்கான். அதுக்கு டீம் தலைவர் ஒத்துக்கலயாம், வாக்குவாதமாம். டேய், தலைமையும் சண்டையும் ஒரே கதைல இருக்கு, நீ பால் பாக்கெட் குடுத்தேங்குற!

"ஏன் எங்க கம்பெனி?"ன்னு கேட்டா விக்கிபீடியாவை ஒப்பிக்காதீங்க. பிசிஜில உக்காந்துக்கிட்டு "1963ல ப்ரூஸ் ஹெண்டர்சன் பாஸ்டன்ல ஆரம்பிச்ச"ன்னு தொடங்கினா எதிர்ல இருக்குறவருக்கு கொட்டாவி வரும். அங்க வேலை பாக்குற ரெண்டு பேர்கிட்ட பேசியிருந்தீங்கன்னா அவங்க சொன்ன ஒரு விஷயம், அது ஏன் உங்களுக்குப் புடிச்சுது, போதும்.

அந்த நாள்

நேர்லன்னா ஒரு மணி நேரம் முன்னாடி பக்கத்துல போயிடுங்க, மெட்ரோ இருக்குற எடமா இருந்தா மெட்ரோவே எடுங்க. வேர்வைல நனைஞ்சு போனா அதுவே ஒரு மனசு கஷ்டம், பையில இன்னொரு சட்டை வச்சுக்குங்க, டிசம்பர்னா மழைக்கு ஒரு கவரும். கோட்டு தைக்க பத்தாயிரம் செலவு பண்ண வேணாம், அயர்ன் பண்ண வெள்ளை சட்டை, பாலிஷ் போட்ட ஷூ. வெத்துத்தாள் பத்து, பேனா ரெண்டு. தாளைப் படுக்கை வாக்குல வச்சு எழுதுங்க, பெட்டி பிரிக்க எடம் கிடைக்கும். ஆன்லைன்னா வீட்ல முன்னாடியே சொல்லி வைங்க, என்னோட ரெண்டாவது இன்டர்வியூல சரியா லாபக் கணக்கு சொல்லும்போது குக்கர் மூணு விசில், எதிர்ல இருந்தவரு சிரிச்சுட்டாரு, நான்தான் அதுக்கப்புறம் தடுமாறிட்டேன்.

ஒரு ரவுண்ட் சொதப்புனா அதோட முடிஞ்சுதுன்னு முகத்தைத் தொங்கப்போட்டுக்கிட்டு அடுத்த ரூமுக்குப் போகாதீங்க, பல எடத்துல ரெண்டு மூணு பேர் பாத்துட்டு சேந்து உக்காந்துதான் முடிவு பண்ணுவாங்க.

முடிஞ்சதுக்கு அப்புறம்

கிடைக்கலன்னா ஃபீட்பேக் கேட்டு மெயில் போடுங்க, சில பேர் போன்லயே சொல்லுவாங்க, அதை அப்படியே நோட்டுல எழுதிக்குங்க. பெரிய கம்பெனிங்கள்ல ஒரு தடவை ரிஜெக்ட் ஆனா திரும்ப அப்ளை பண்ண பொதுவா ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ காத்திருக்கணும், அதனால தயாரா இல்லாம "சும்மா போட்டுப் பாப்போம்"னு எம்பிபிக்கு முதல்ல போடாதீங்க, சின்ன கம்பெனில ரெண்டு மூணு இன்டர்வியூ பழகிட்டு அப்புறம் போடுங்க.

கிடைச்சா பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் வரும். பத்தாவது மார்க் ஷீட்ல ஒரு இனிஷியல், ஆதார்ல வேற, பாஸ்போர்ட்ல அப்பா பேரே கடைசிப் பேரா இருக்கும், நம்ம ஊர்ப் பசங்களுக்கு இது தலைவலி. இன்டர்வியூ நடக்குற மாசமே எல்லாத்தையும் எடுத்து வச்சு ஒத்துப் பாருங்க, திருத்தணும்னா வரிசைல நிக்க நாள் ஆகும். பாஸ்போர்ட் இல்லன்னா இப்பவே அப்ளை பண்ணிடுங்க. ப்ரொவிஷனல் சர்டிபிகேட் காலேஜ் ஆபீஸ்ல வாங்க ஒருத்தரு லீவு, ஒருத்தரு சாப்பாட்டுக்குப் போயிருப்பாரு, அதுக்கும் ஒரு வாரம் எடுத்து வைங்க.